தாழம்பூ அத்தர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாமாவின் அத்தர் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் துணைக்கு உட்காருவேன். மல்லியோ ரோஜாவோ வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், போய்விடுவார்கள். தாழம்பூ வாங்கினவர்கள் மட்டும் அடுத்த வாரமே ஏதாவது ஒரு சந்தேகத்தோடு திரும்பி வருவார்கள். அந்தச் சந்தேகங்களில் அதிகம் காதில் விழுந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் பேசினபடியே இருக்கின்றன. பதில்களில் மாமா சொன்னது பாதி, நான் படித்தும் போட்டுப் பார்த்தும் தெரிந்துகொண்டது மீதி.

1. அத்தர்னா சென்ட்டுதானே? என்ன பெரிய வித்தியாசம்?

ஸ்ப்ரே சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அடித்ததும் அது பறந்துபோகும், போகிற போக்கில் வாசனையையும் அறை முழுக்கக் கொண்டுபோகும். அத்தரில் ஆல்கஹால் கிடையாது. எண்ணெயே வாசனை, எண்ணெயே அதைத் தாங்கும் உடம்பு. அதனால் அது தோலை ஒட்டியே நிற்கும். பக்கத்தில் வருகிறவருக்குத்தான் தெரியும்.

பழைய முறை அத்தர் இப்படித்தான் உருவாகிறது: தேக் என்கிற செப்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே விறகோ வறட்டியோ வைத்து எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக பப்கா என்கிற இன்னொரு செப்புக் குடத்துக்குப் போகும். அந்தக் குடம் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும், உள்ளே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் ஆவி குளிர்ந்து சந்தனத்தில் இறங்கும். இரவு ஆறவிட்டு, அடியில் சேர்ந்த தண்ணீரைப் பிரித்தெடுத்து, மறுநாள் புதுப் பூவோடு அதே தண்ணீரைத் திரும்ப ஏற்றுவார்கள். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் கன்னௌஜ் இந்த வேலைக்குப் பேர்போன ஊர். சந்தனம் வைக்காமல் பூவின் எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்தால் அதற்குப் பெயர் ரூ.

2. "குளிர்ச்சியான அத்தர்"னு சொல்லிக் கொடுத்தாங்க. போட்டா உடம்பு குளிருமா?

குளிராது. அத்தர்க்காரர்கள் சரக்கை இரண்டாகப் பிரித்துப் பேசுவது பழைய வழக்கம். ரோஜா, வெட்டிவேர், தாழம்பூ, மல்லி இவையெல்லாம் குளிர்ச்சி, வெயில் காலத்துக்கு. கஸ்தூரி, அம்பர், குங்குமப்பூ, ஷமாமா என்கிற மூலிகைக் கலவை அத்தர் இவையெல்லாம் சூடு, பனிக்காலத்துக்கு. நம் வீட்டில் இளநீர் குளிர்ச்சி, மாம்பழம் சூடு என்று சொல்கிறோமே, அதே கணக்கு.

ஆனால் மூக்குக்கு அது குளிர்ச்சியாகத் தோன்றுவதில் பொய் இல்லை. தாழம்பூ எண்ணெயில் டெர்பினென்-4-ஓல் என்றொரு பொருள் இருக்கிறது. தேயிலை மர எண்ணெய் என்று மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதிலும் முக்கியமான பொருள் இதுதான். கொஞ்சம் பச்சையாக, கொஞ்சம் கற்பூரத்தனமாக, மிளகுக் காரம் ஓரத்தில் படுகிற வாசனை. தாழம்பூவின் தித்திப்புக்கு அடியில் அது ஓடுவதால்தான் ஜிலுஜிலுவென்று இருக்கிறது.

3. தாழம்பூ அத்தர் அசல் தாழம்பூ மாதிரியே இருக்குமா?

கிட்டத்தட்ட. நாம் பூ என்று சொல்லும் அந்த நீளமான வெளிர்மஞ்சள் மடல்கள் உண்மையில் இதழ்கள் அல்ல, பூங்கொத்தை மூடியிருக்கும் உறைகள். அதுவும் ஆண் தாழையில்தான் அந்த மணம். பெண் தாழை அன்னாசிப் பழம் போலக் காய்க்கும், அதை யாரும் வடிக்க எடுப்பதில்லை.

ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில், சத்ரபூர் பக்கத்துக் கடலோர ஊர்களில்தான் இந்தியத் தாழம்பூ எண்ணெயில் பெரும்பகுதி எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் வரத்து அதிகம். மடல் வாடினால் மணம் போய்விடும் என்பதால் விடியற்காலையில் வெட்டி, பக்கத்திலேயே இருக்கும் பட்டறைக்கு அன்றைக்கே கொண்டுபோய்விடுவார்கள். கஞ்சாம் தாழம்பூவுக்கும் அதன் ரூவுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு உண்டு.

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது கூரான வாடை. தேன், பச்சை மடல், லேசான மருந்து நெடி எல்லாம் ஒன்றாக முகத்தில் அடிக்கும். பலர் இந்த இடத்திலேயே "வேண்டாம்" என்று வைத்துவிடுகிறார்கள். கால் மணி நேரம் பொறுங்கள். காரம் இறங்கி, பூ கொஞ்சம் தள்ளிப்போய், கீழே சந்தனம் தெரிய ஆரம்பிக்கும். நீங்கள் போட்டுக்கொள்ளப் போவது அந்த வாசனையைத்தான். பாட்டிலை மட்டும் முகர்ந்து முடிவுசெய்யாதீர்கள்.

4. இதைப் போட்டா ஏன் ஒரு மாதிரி சோகமா இருக்கு? எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. அதிகம் பேர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான்.

முதல் காரணம் மூளையின் கட்டமைப்பு. பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் சில இடைநிலைகளைத் தாண்டித்தான் போகும். வாசனை மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கு நேர்வழியில் போய்ச் சேரும். என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்குள் மனசு இறங்கிவிடுகிறது. தாழம்பூ இன்று தினமும் நம் மூக்கில் படுகிற பூவும் இல்லை. பாட்டி பின்னிவிட்ட தாழம்பூச் சடை, துணிப் பெட்டிக்குள் மடித்து வைத்த காய்ந்த மடல், தாழம்பூக் குங்குமம் என்று நமக்கு அதோடு இருக்கும் பழக்கமெல்லாம் பழசு. இப்போது அந்த வாசனை வந்தால் கூடவே இல்லாமல் போனவர்களும் வருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். தாழை கடற்கரைச் செடி. சங்கப் பாட்டில் அது நெய்தல் நிலத்துக்கு உரியது. நெய்தலுக்கு இலக்கணம் கொடுத்த உணர்ச்சி இரங்கல், அதாவது வராதவருக்காகக் கரையில் இருந்து வருந்துவது. பொழுது சாய்கிற நேரம் அதற்குரிய வேளை. தாழம்பூவை எந்த நேரத்தில் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சாயங்காலம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சோகம் அந்த எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வடக்கே இதே வாசனை சர்பத்திலும் இனிப்பிலும் விருந்திலும் வருகிறது. அங்கே வளர்ந்தவருக்கு இது கல்யாண வீட்டு ஞாபகம். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

5. இதைப் போட்டுட்டு வந்தா வீட்ல எல்லாரும் "பிரியாணி வாசம்"னு சிரிக்கிறாங்க. என்ன பண்றது?

அவர்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. லக்னோ, கொல்கத்தா பிரியாணியில் கேவ்ரா தண்ணீர் தெளிப்பார்கள். கேவ்ரா என்றால் தாழம்பூ. நம் ஊரிலும் சில பாய் வீட்டுக் கல்யாணப் பிரியாணியில் அது உண்டு. ரூ வடிக்கும்போது கூடக் கிடைக்கும் தண்ணீர்தான் அது.

தனியாகப் போட்டால்தான் இந்த வம்பு. வெட்டிவேர் அத்தரை முதலில் ஒரு தொடு தொட்டு, அதன்மேல் தாழம்பூவைப் போடுங்கள். மண், வேர் வாசனை சேர்ந்ததும் சாப்பாட்டு ஞாபகம் விலகிவிடும். நெய்ச்சோறு சாப்பிட்ட கையோடு போடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

6. எவ்வளவு போடணும்? எங்கெங்கே போடணும்?

நீங்கள் நினைப்பதில் கால்வாசி. பாட்டில் மூடியோடு ஒரு கண்ணாடிக் குச்சி வரும். அதைப் பாட்டிலின் வாயில் வழித்துவிட்டு, ஒட்டியிருக்கும் ஈரத்தை ஒரு மணிக்கட்டின் உட்பக்கம் தொடுங்கள். மற்ற மணிக்கட்டை அதன்மேல் ஒற்றி எடுங்கள். பரபரவென்று தேய்க்க வேண்டாம். தேய்க்கிற சூட்டில் மேல்வாசனை சட்டென்று பறந்துவிடும். மீதி ஈரத்தைக் காதுக்குப் பின்னால் தடவினால் போதும், அன்றைய வேலை முடிந்தது.

இன்னொரு பழைய வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். துளியூண்டு பஞ்சை உருட்டி, அத்தரில் தொட்டு, காது மடலின் மடிப்புக்குள் செருகிக்கொள்வது. தோலில் படுவது குறைவு, துணியில் கறை இல்லை, தலையைத் திருப்பும்போது மட்டும் வாசனை எட்டிப்பார்க்கும். காதுக்குள்ளே திணித்துவிடாதீர்கள், வெளி மடிப்பில்தான். ரோல்-ஆன் பாட்டிலில் அளவு கைமீறிப் போகும், முதல் தடவை வாங்குகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

7. தோல் அரிச்சா? சாமான்யமா எல்லாருக்கும் ஒத்துக்குமா?

பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் பூ எண்ணெய் என்பதாலேயே பத்திரம் என்று அர்த்தம் இல்லை. முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த அத்தரைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சவரம் செய்த உடனே முகத்தில் போடாதீர்கள், எரியும். கைக்குழந்தைக்கு எந்த அத்தரும் வேண்டாம். ஆஸ்துமா இருக்கிறவர் வீட்டில் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

8. ஆம்பளைங்க பூ வாசனை போடலாமா?

தாராளமாக. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்களில் ரோஜா, மல்லி அத்தர் போடும் ஆண்கள் எத்தனையோ பேர். பூ என்றால் பெண்கள் தலையில் வைப்பது என்று பழகிவிட்டதால் வருகிற கூச்சம் இது. தாழம்பூவின் பச்சை நெடியும் சந்தனமும் சேர்ந்தால் தித்திப்பு எடுபடாது.

9. அரை மணி நேரத்துல வாசனையே காணோம். ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றாமலேயே இப்படி நடக்கும். தாழம்பூ எண்ணெயில் பெரும்பங்கு ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற ஒரே பொருள். வேகமாக எழுந்து பரவும், அதே வேகத்தில் போயும்விடும். மூன்றாவது பதிலில் சொன்ன அந்தக் கூரான முதல் வாடையில் பெரும்பங்கு இதுதான். அது போனபின் மிச்சம் இருப்பது சந்தனம். சந்தனம் கத்தாது, அதனால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

அதோடு நம் மூக்கு தொடர்ந்து வருகிற எந்த வாசனையையும் கொஞ்ச நேரத்தில் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வெளியே ஒரு நடை போய்விட்டு வந்து மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரிகிறது என்றால் மேலே மேலே தடவிக்கொள்ளாதீர்கள்.

உண்மையிலேயே நிற்கவில்லை என்றால், தோல் வறண்டிருக்கலாம். குளித்துத் துடைத்ததும் வாசனை இல்லாத வாஸ்லைன் கொஞ்சம் தடவி, அதன்மேல் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கென்று ஒரு வாசனை உண்டு, தாழம்பூவோடு சண்டை போடும். துணியில் போட்டால் இன்னும் அதிக நேரம் நிற்கும், ஆனால் 12ஆம் கேள்வியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

10. ஒரு கடையில 150 ரூபா, இன்னொரு கடையில அதே பாட்டில் 3000. எது அசல்?

150 ரூபாய்க்கு அசல் கிடையாது. இதற்கு வாசனை பார்க்கவே வேண்டாம், கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. கிராமுக்கு நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 6 மில்லி பாட்டிலில் சந்தனம் மட்டுமே 600 ரூபாயைத் தொட்டுவிடும். பூ, விறகு, கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். தாழம்பூ ரூவும் கிலோ லட்சக்கணக்கில் விற்கிற சரக்குதான். ஆனால் 3000 ரூபாய் என்பதால் மட்டும் அது அசல் ஆகிவிடாது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சந்தனம் எட்டாக் கனி ஆனபிறகு பல பட்டறைகளில் பப்காவுக்குள் திரவ பாரஃபினை ஊற்றுகிறார்கள். பூ அசல், தாங்கி மட்டும் மலிவு. அதை அப்படியே சொல்லி விற்றால் நியாயமான பொருள். அந்த அத்தரில் கடைசியில் சந்தனம் தெரியாது, பூ போனதும் வெறும் எண்ணெய்தான் மிஞ்சும். மலிவுச் சரக்கில் டி.ஓ.பி. என்கிற பிளாஸ்டிக் மென்மையாக்கியைக் கலப்பதும் நடக்கிறது. அதை நான் தோலில் போட மாட்டேன். கடையில் "தாங்கி எண்ணெய் என்ன?" என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் நகர்ந்துவிடுங்கள்.

11. பேப்பர்ல தடவி, கொளுத்திப் பார்த்து அசலான்னு கண்டுபிடிக்கலாம்னு வீடியோல பார்த்தேன். சரியா?

சந்தன எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் பேப்பர் கறை அசலிலும் இருக்கும், போலியிலும் இருக்கும். எரித்துப் பார்ப்பதும், ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பதும் இதற்கு உதவாது. ரோஜா ரூ குளிரில் உறையும் என்பது உண்மை. அந்தத் தகவலை எல்லா அத்தருக்கும் நீட்டிவிட்டார்கள்.

தாழம்பூவில் சிக்கல் இன்னும் அதிகம். 9ஆம் பதிலில் சொன்ன அந்த ஒரே பொருளைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்துவிடலாம். ரோஜாவைப் போலியாகச் செய்ய ஏகப்பட்ட பொருள்களைக் கோக்க வேண்டும். தாழம்பூவுக்கு அந்த ஒரு பொருளே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். அதனால் போலித் தாழம்பூ அச்சு அசலாக மூக்கை ஏமாற்றும். என் அனுபவத்தில் தெரிகிற வித்தியாசம் இரண்டு: போலியில் அந்தப் பச்சை, மிளகுப் பக்கம் இருக்காது, வெறும் தித்திப்புதான். அப்புறம், அது முதல் நிமிடம் எப்படியோ கடைசி நிமிடமும் அப்படியே. அசல் மாறிக்கொண்டே போகும்.

பெரிய அளவில் வாங்குகிறவர்கள் ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கலாம். 1991இல் கன்னௌஜில் தொடங்கிய எஃப்.எஃப்.டி.சி. என்ற அரசு மையம் இந்தத் துறைக்காகவே இருக்கிறது. 3 மில்லி வாங்குகிறவருக்கு அது தேவையில்லாத செலவு. போலி என்று தெரிந்தும் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, தோலும் ஒத்துக்கொள்கிறது என்றால், அதைப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அசல் விலை கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

12. பட்டுப் புடவையில போடலாமா? வெள்ளைச் சட்டையில?

பட்டில் வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கறை பட்டில் விழுந்தால் டிரை வாஷ் கொடுத்தாலும் நிழல் மாதிரி தங்கும். கைக்குட்டையில் தொட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை என்றால் காலரின் உள்பக்கம், வெளியே தெரியாத தையலில் ஒரு தொடு. கனமான பருத்தித் துண்டுதான் தாழம்பூவுக்கு நல்ல இடம், மறுநாள் காலையிலும் சந்தனம் இருக்கும்.

13. தலையில மல்லிப்பூ வெச்சிருக்கும்போது இதையும் போடலாமா?

போடலாம், ஆனால் மல்லி ஜெயித்துவிடும். சாயங்காலம் மல்லி மலர மலர அதில் இண்டோல் என்ற பொருளின் கனம் ஏறும். அந்தக் கொழுத்த வாசனைக்குப் பக்கத்தில் தாழம்பூ மெலிந்துபோய் மருந்து நெடியாக மட்டும் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கனகாம்பரம் வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை, அதற்கு வாசனை கிடையாது.

அத்தரோடு அத்தர் சேர்ப்பதென்றால், வெட்டிவேரை ஏற்கனவே சொல்லிவிட்டேன். மண் அத்தர் என்று ஒன்று உண்டு, சுட்ட களிமண் வில்லைகளை தேக் பானையில் போட்டு வடிப்பது. அது அடியில், தாழம்பூ மேலே என்றால் மழைக்கு முந்தைய கடற்கரை. இதைவிட நல்ல சேர்க்கை எனக்குத் தெரியாது. ரோஜாவோடு சேர்த்தால் இனிப்புக் கடை. ஊத் என்கிற அகில் அத்தரோடு சேர்த்தால் தாழம்பூ இருந்த இடம் தெரியாது.

14. ஆபீஸ்ல பக்கத்து சீட் அக்கா தலைவலின்னு சொல்றாங்க. விட்டுடணுமா?

விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். முதல் இருபது முப்பது நிமிடம்தான் இது ஊருக்கே கேட்கும். கிளம்புகிற அவசரத்தில் போட்டால் அந்த நேரம் முழுக்க பஸ்ஸிலும் லிஃப்ட்டிலும் கழியும். குளித்ததும் போட்டுவிட்டு, சாப்பிட்டு, உடுத்திக் கிளம்புங்கள். போய்ச் சேரும்போது அடங்கியிருக்கும். மணிக்கட்டில் போடாமல் முழங்கை மடிப்பில் போட்டு, முழுக்கை சட்டைக்குள் வையுங்கள். அப்புறமும் அவருக்கு வலித்தால், வார நாளில் வேண்டாம். மைக்ரேன் இருப்பவருக்கு வாசனை சும்மா தொந்தரவு அல்ல, அது வேதனை.

15. சிவன் கோயிலுக்கு தாழம்பூ ஆகாதுன்னு சொல்வாங்க. அத்தர் போட்டுட்டுப் போகலாமா?

அடிமுடி தேடின கதையில் பிரம்மாவுக்காகத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது, அதனால் சிவபூஜைக்கு ஆகாது என்று ஆனது. திருவண்ணாமலைத் தலபுராணத்தில் வருகிற கதை. விலக்கு பூவைச் சாமிக்குச் சாத்துவதற்குத்தான். நீங்கள் உடம்பில் வாசனை போட்டுக்கொண்டு போவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கையில் மங்களநாதருக்குத் தாழம்பூவே சாத்துகிறார்கள். மனசு உறுத்தினால் அன்றைக்குச் சந்தனம் மட்டும் போட்டுக்கொண்டு போங்கள், வேறென்ன.

16. தாழம்பூ வாசனைக்குப் பாம்பு வரும்னு பாட்டி பயமுறுத்துறாங்க.

தாழம்புதர் அடர்த்தி, முள், ஈரம். எலியும் தவளையும் இருக்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். மூன்றாவது மாடியில் இருக்கும் 3 மில்லி பாட்டிலைத் தேடி வராது.

17. ஊர்ல தாழம்பூ கிடைக்குது. நானே வீட்ல அத்தர் செய்யலாமா?

அத்தர் வராது. ஒரு பானை எண்ணெய்க்கு எவ்வளவு மடல் தேவை என்பதைப் பட்டறையில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவீர்கள். மடலைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் செய்யலாம், நம் வீடுகளில் செய்ததுதான். மடலை நன்றாகத் துடைத்து ஈரம் போக ஆறவைத்தபின் போடுங்கள், எண்ணெய்க்குள் தண்ணீர் சேர்ந்தால் சிக்கு வாடை அடிக்கும். வாசனை மிருதுவாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மடலைத் துணி மடிப்புக்குள் வைப்பது அதைவிடச் சுலபம்.

18. பாட்டில் எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?

சந்தனத்தில் இறக்கியது வருஷக்கணக்கில் இருக்கும், பூவின் காரம் குறைந்து இன்னும் மெத்தென்று ஆகும். பாரஃபினில் இறக்கியது நாளாக ஆக வெறுமையாகும். கண்ணாடிப் பாட்டில், இருட்டான அலமாரி, இறுக்கமான மூடி. குளியலறையிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் வைக்காதீர்கள். பெரிய பாட்டில் வேண்டாம். கடைகளில் தோலா என்று சொல்வது ஏறக்குறைய 12 மில்லி. இங்கே சொன்ன அளவில் போட்டால் 3 மில்லியே நீண்ட காலம் வரும்.

19. எங்க அம்மா தாழம்பூதான் வெச்சுப்பாங்க. அவங்க போனப்புறம் இதை வாங்கினேன். தினம் போட்டா அந்த ஞாபகம் தேய்ஞ்சிடுமா?

தேய வாய்ப்பு உண்டு. 4ஆம் பதிலில் சொன்னபடி, அந்த வாசனை அபூர்வமாக இருப்பதால்தான் இவ்வளவு ஆழத்தில் போய்த் தொடுகிறது. தினமும் போட்டு, பஸ்ஸில் நின்று, மீட்டிங்கில் உட்கார்ந்து, சிக்னலில் காத்திருந்தால் அந்த நாள்களும் அதே வாசனையில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் அது உங்கள் வாசனை ஆகிவிடும்.

அது வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிலர் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள், அழாமல் போட்டுக்கொள்ள முடிகிற அளவுக்கு. அப்படியே காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு மாமா சொல்வது: இரண்டு சின்னப் பாட்டிலாக வாங்கு, ஒன்றைப் பிரிக்காதே. பிரித்ததை எப்போதாவது போடு, வேலைக்குப் போகிற நாளில் போடாதே. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் அம்மா வைத்தது பூ, அதோடு அவர் தலை எண்ணெயும் பவுடரும் கலந்திருந்தன. அத்தரில் அதெல்லாம் இல்லை. அதே வாசனை வரவில்லையே என்று வேறு வேறு கடையாக ஏறி இறங்க வேண்டாம்.

20. தாழம்பூ எனக்கு ஒத்துக்கல. இதே மாதிரி குளிர்ச்சியா, கொஞ்சம் மனசு கனக்கிற மாதிரி வேற என்ன இருக்கு?

முதலில் மகிழம்பூ. வடக்கே மௌல்சிரி என்று கேளுங்கள். காய்ந்தபின்னும் மணம் போகாத பூ, அத்தரிலும் அந்தப் பழகிப்போன, காய்ந்த தன்மை இருக்கும். தாழம்பூவைவிடச் சாது, ஆபீசுக்கும் சரிப்படும்.

வெளிநாட்டு வகைகளில் ஐரிஸ். பூவிலிருந்து அல்ல, கிழங்கிலிருந்து எடுப்பது. கிழங்கை வருஷக்கணக்கில் காயவைத்தால்தான் மணமே பிறக்கும், அதனால் யானை விலை. பவுடர், ஈர மண், காரட் எல்லாம் கலந்த சாம்பல் நிற வாசனை. வயலட் என்று வருவதெல்லாம் அநேகமாக 1893இல் ஜெர்மனியில் செய்துகாட்டிய அயோனோன் வகைப் பொருள்கள்தான். அவை முகர்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு மறைந்து, திடீரென்று திரும்பி வரும். 9ஆம் கேள்வியில் வந்த புகார் உங்களுக்கும் இருந்தால் வயலட் பக்கமே போகாதீர்கள்.

நீல அல்லி, "ப்ளூ லோட்டஸ்" என்ற பெயரில் மலிவாக விற்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அந்தப் பூவைச் சாறு எடுப்பது செலவு பிடித்த வேலை, சந்தையில் இருக்கும் மலிவுச் சரக்கு கலவைதான். வாசனை பிடித்திருந்தால் கலவைக்கான விலையைக் கொடுங்கள். 11ஆம் பதிலில் சொன்னதே இதற்கும்.